யூரியாவும் மஞ்சளும் ஒரு துண்டு இரைப்பையும்

டொக்டர் என் மேசையில் கொண்டுவந்து வைத்த குப்பிக்குள் மூன்று சதைத் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் அரிசிக் குறுணி அளவு. ஒரு பெண்ணின் இரைப்பையின் அடிப்பக்கத்திலிருந்து வெட்டி எடுத்தவை.

"இதுக்குள்ள கிருமி இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றார்.

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். அதைக் கண்டுபிடிக்கிற மருந்தும் என்னிடம் இல்லை, மின்சாரமும் இல்லை என்பது அவருக்குத் தெரியாததா?

"டொக்டர், நல்லாத்தான் பகிடி விடுறீங்கள்" என்றேன்.

அவர் பகிடி விடவில்லை. விடிய முதல் ஒப்பரேசன் முடித்து, முகம்கூடக் கழுவாமல் நின்றார். வன்னியில் அப்போது வயிற்றை வெட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் வெட்டிவிட்டு வருவார். அன்று மத்தியானமே மாங்குளம் பக்கம் புறப்பட வேண்டும். திரும்பி வர ஒரு கிழமை ஆகும்.

ஆஸ்பத்திரி என்று நான் சொல்வது புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். இடம்பெயர்ந்து வந்து அதற்குள் குடியேறியிருந்தோம். ஐந்தாம் வகுப்பு அறை என்னுடைய ஆய்வுகூடம். தொண்ணூற்றேழோ எட்டோ, சரியாக நினைவில்லை. மாரிகாலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது, கூரை ஒழுகாத மூலைக்கு மேசையை இழுத்து இழுத்து என் நாரி எலும்பு விட்டுப்போயிருந்தது. இரத்தம், சிறுநீர், சளி, மலேரியா, எல்லாம் நான்தான். ஆளும் நான், ஆளணியும் நான்.

அந்தப் பெண் கண்டாவளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். இவர் மற்றவர்களின் வயலில் நாற்று நடுவார், களை பிடுங்குவார். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். நெடுநாளாக வயிற்று எரிவு. இரண்டு தரம் இரத்தமாகச் சத்தி எடுத்திருக்கிறார். இந்த முறை குடலோடு சேர்கிற இடத்தில் புண் ஓட்டையாகி, டிராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டுவந்தார்கள். டொக்டர் வயிற்றைத் திறந்து ஓட்டையை அடைத்தார். அடைக்க முதல் அதே ஓட்டையால் சாவணத்தை விட்டு மூன்று துண்டு கிள்ளி எடுத்திருக்கிறார்.

"அல்சர் உறைப்பாலயும் கவலையாலயும் வாறது எண்டுதான் நாங்களும் படிச்சனாங்கள்" என்றார் டொக்டர். "இப்ப அந்தக் கதை இல்லை. இரைப்பைக்குள்ள ஒரு பற்றீரியா சீவிக்குது. அதைக் கொண்டுபோட்டா அல்சர் திரும்பி வராது. மூண்டு வகைக் குளிசை, ரெண்டு கிழமை. அவ்வளவுதான். கொல்லாமல் விட்டா நான் அடைச்ச இடம் திரும்பவும் பிய்யும். அடுத்த முறை டிராக்டர் நேரத்துக்கு வருமோ, நான் இஞ்ச நிப்பனோ, ஆருக்குத் தெரியும்?"

"அப்ப குளிசையைக் குடுங்கோவன்."

"களஞ்சியத்தில கேட்டனான். ஆய்வுகூடத்தால எழுதித் தந்தாத்தானாம்."

களஞ்சியம் என்றால் மருந்துக் களஞ்சியம். அதற்குப் பொறுப்பானவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். எல்லோருக்கும் அவர் அண்ணை. பூட்டுத் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார். அந்த மூன்று குளிசையில் இரண்டு, வயிற்றில் காயப்பட்டு வருகிறவர்களுக்கு வைத்திருக்கிற மருந்து. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையைத் தாண்டி எப்போதாவது வருகிற லொறியில் வந்தால்தான் உண்டு. அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் கேட்ட விதத்தில் எனக்கு உச்சியில் ஏறியது.

நான் நேரே அவரிடம் போய் நின்றேன். "அண்ணை, சோதினை செய்ய எனக்குச் சாமான் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதானே எழுத்துக் கேக்கிறீங்கள்?"

"தங்கச்சி, அல்சருக்குக் கிருமியோ? ஆர் சொன்னது? அதுகள் தோட்டக்காட்டில இருந்து வந்ததுகள். வெறுந்தேத்தண்ணியும் வெத்திலையும்தான் சாப்பாடு. அல்சர் வராமல் வேற என்ன வரும்? நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ."

"எதைச் சாப்பிடச் சொல்ல? நீங்கள் சாப்பிடுற சோத்துக்கு நாத்து நட்டது ஆர் எண்டு யோசிச்சனீங்களோ?"

"வாய் காட்டாதையும். எழுத்தைக் கொண்டு வாரும், குளிசையைத் தாறன்."

'நீங்கள்' 'நீர்' ஆகிவிட்டது. சரி, கொண்டுவந்து உன் மேசையில் அடிக்கிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு திரும்பினேன். எனக்கு இப்படித்தான். இல்லை என்று சொன்னால்தான் கை துறுதுறுக்கும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. அந்தப் பற்றீரியாவுக்கு ஒரு பழக்கம், யூரியாவைக் கண்டால் உடைத்து அமோனியா ஆக்கிவிடும். இரைப்பையின் அமிலத்துக்குள் அது சாகாமல் கிடப்பதே அந்த அமோனியாவைத் தன்னைச் சுற்றிப் போர்த்துக்கொண்டுதான். ஆகவே யூரியாக் கரைசலுக்குள் சதைத் துண்டைப் போட்டால், கிருமி இருந்தால் கரைசல் காரமாகும், சவுக்காரத் தண்ணீர்போல. காரத்தைக் கண்டால் நிறம் மாறுகிற ஒரு சாயமும் சேர்த்துவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சாயத்துக்கு மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தேன். மூன்று முறையும் அந்த வரிக்கு மேல் கோடு கிழித்துப் பட்டியல் திரும்பி வந்தது. யூரியா என்ற சொல்லுக்கு மேல் இரண்டு கோடு. வயலுக்குப் போடுகிற யூரியாவில் வெடிமருந்து செய்வார்களாம், ஆகையால் அது தடை. நான் கேட்டது ஒரு தேக்கரண்டி.

சாயத்துக்கு வழி எனக்கு மத்தியானம் சாப்பிடும்போது கிடைத்தது. சட்டையில் குழம்பு சிந்தியது. மஞ்சள் கறை. எங்கள் வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் இரத்தம்போலச் சிவக்கும். பிறகு அலசினால் மஞ்சளாகும். அட, இதுதானே நான் தேடுகிற சாயம்! பீங்கானை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். நோயாளர் வாட்டிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி, மஞ்சள்தூளை ஊறவைத்து வடித்தேன். தெளிந்த மஞ்சள் நீர் வந்தது. ஒரு துளி சுண்ணாம்பு பட்டதும் சுள்ளென்று சிவந்தது. தனியே நின்று சிரித்தேன்.

யூரியாவுக்குச் சைக்கிளை எடுத்தேன். வாய்க்கால் பக்கம் வயல் செய்கிற ஒரு ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். தடைக்கு முந்திய யூரியா கொஞ்சம் பால்மாப் பேணியில் வைத்திருக்கிறார் என்று கதை அடிபட்டிருந்தது. நான் கேட்டதும் ஆள் நாலு பக்கமும் பார்த்தார்.

"பயிருக்கே இல்லை, பிள்ளை. உமக்கென்னத்துக்கு?"

"ஒரு மனுசியின்ர வயித்துக்கு, ஐயா."

"வயித்துக்கு யூரியாவோ? உமக்கென்ன விசரோ?"

விளங்கப்படுத்தினேன். பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் உள்ளே போய் ஒரு நெருப்புப்பெட்டி நிறையக் கொண்டுவந்து தந்தார். "அந்தப் பிள்ளை என்ர வயலிலயும் நட்டிருக்கு. வரம்பில குந்தி வயித்தைப் பொத்திக்கொண்டு இருக்கும். பஞ்சிப்படுது எண்டு நான் ஏசியும் இருக்கிறன்" என்றார்.

தண்ணீருக்கு மாரி இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கல் தண்ணீர், கேத்திலில் வெள்ளையாகப் படியும், அதை நம்ப முடியாது. முற்றத்தில் பேசின் வைத்து வானத்திலிருந்து நேராக மழையைப் பிடித்தேன். சோதனைக் குழாய்கள் உடைந்து உடைந்து முடிந்திருந்தன. வாட்டில் எறிகிற பென்சிலின் குப்பிகளைத்தான் கழுவி எடுத்துப் பாவிப்பேன். கழுவிய குப்பி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து மழைநீர், யூரியா, மஞ்சள், ஒரு சதைத் துண்டு. ஒப்பிட்டுப் பார்க்கச் சதை போடாத குப்பி ஒன்றும் வேண்டும். அதற்கு அப்போதுதான் வாட்டிலிருந்து வந்த புதுக் குப்பியை மழைநீரால் அலசி எடுத்தேன்.

சதை போட்ட குப்பி கண்முன்னே சிவந்தது. மற்றது மஞ்சளாகவே நின்றது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. உறுதிப்படுத்த இரண்டாவது துண்டையும் போட்டேன். அதுவும் சிவந்தது. 'கிருமி உண்டு' என்று எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி, களஞ்சியக்கார அண்ணையின் மேசையில் மெய்யாகவே அடித்து வைத்தேன். அவர் கடதாசியைப் பார்க்கவில்லை, என் மஞ்சள் பிடித்த விரல்களைப் பார்த்தார்.

"இதென்ன கறிச்சட்டிக்க கை விட்ட மாதிரி?"

"அதுதான் சோதினை, அண்ணை."

"ஓ."

அந்த 'ஓ'வின் அர்த்தம் அடுத்த நாள் காலைதான் விளங்கியது. வாழையிலைத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு அவர் என் அறைக்கு வந்தார். பின்னால் வேடிக்கை பார்க்க இரண்டு தாதி மிஸிமார். இலையைப் பிரித்தார். சந்தையில் வாங்கிய ஆட்டிறைச்சி.

"இதையும் ஒருக்காப் போட்டுப் பாரும்."

எனக்குப் பயமே இல்லை. அவ்வளவு திமிர். கழுவிய வரிசையிலிருந்து குப்பியை எடுத்தேன், கரைசலை ஊற்றினேன், கடுகளவு இறைச்சியைப் போட்டேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சிவந்தது.

"ஐயோ பாவம், இந்த ஆட்டுக்கும் அல்சர்" என்றார் அண்ணை. மிஸிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "குடுப்பமோ ரெண்டு கிழமைக்குக் குளிசை?"

மானம் கப்பலேறிவிட்டது. அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். கவலையில் வந்த அழுகை இல்லை, கடுப்பில் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு குப்பி எடுத்தேன். கரைசல் மட்டும். இறைச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதுவும் சிவந்தது! குப்பியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். கழுத்துக்குக் கீழே, மடிப்பில், மெல்லிய சாம்பல் நிற வளையம்.

சாம்பல். சவுக்காரம் கண்ணால் காணாத காலம். சட்டிபானை தொடங்கிக் கண்ணாடிச் சாமான்வரை எல்லாவற்றையும் அடுப்புச் சாம்பலும் தும்பும் போட்டுத்தான் வன்னி முழுக்கத் தேய்த்தோம். என் குப்பிகளை நானேதான் தேய்த்தேன், பளபளப்பாக வந்தன என்று பெருமை வேறு. சாம்பலும் சவுக்காரம்போலக் காரம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மஞ்சள் சவுக்காரத்துக்குச் சிவக்கும் என்று கண்டுபிடித்த பெரிய மூளைக்குச் சாம்பலுக்கும் சிவக்கும் என்பது எட்டவில்லை. சாம்பல் படாத புதுக் குப்பிதான் மஞ்சளாக நின்றிருக்கிறது. சதைக்கும் கிருமிக்கும் அதில் ஒரு பங்கும் இல்லை. அவ்வளவு கெதியாகச் சிவந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் எனக்கு வெல்ல வேண்டியிருந்தது.

இரண்டு துண்டுகள் வீணாகிவிட்டன. அந்த அக்காவின் இரைப்பையிலிருந்து இனி ஒன்று எடுக்க முடியாது. தடுப்பூசி வைக்கிற மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டிக்குள் மூன்றாவது துண்டு உப்புநீரில் கிடந்தது. அது ஒன்றுதான்.

களஞ்சியத்துக்குப் போனேன். மேசையில் கிடந்த என் அறிக்கையை எடுத்து அவர் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தேன்.

"பிழை என்னில. குப்பியைச் சாம்பலில கழுவிப்போட்டன். நேற்றுத் தந்த எழுத்துச் செல்லாது."

அண்ணைக்கு இதை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. நான் இன்னும் சண்டை பிடிப்பேன் என்று நினைத்திருப்பார். "சரி விடும் தங்கச்சி. நீரும் எவ்வளவெண்டு செய்வீர்" என்றார். குரலில் இரக்கம். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"விடமாட்டன். இன்னொரு துண்டு கிடக்கு. இந்தமுறை நீங்களே குப்பியைத் தெரிஞ்செடுங்கோ. நீங்களே பக்கத்தில இருந்து பாருங்கோ. கிருமி இல்லையெண்டா இல்லை எண்டு எழுதித் தாறன். இருந்தா உங்கட கையால நீங்களே கொண்டுபோய்க் குளிசை குடுக்கவேணும்."

"பெரிய கதைதான்" என்றார். ஆனால் வந்தார்.

வாட்டுக்குப் போய் அவரே ஊசி போட்டு முடிந்த ஐந்து புதுக் குப்பிகளைப் பொறுக்கி வந்தார். மழைநீரால் மட்டும் அலசினோம். ஐந்திலும் கரைசல் ஊற்றினோம். ஒன்று வெறும் கரைசல். ஒன்றில் ஆட்டிறைச்சி, அதையும் அவரே போட்டார். ஒன்றில் சுண்ணாம்பு, சிவப்பு எப்படி இருக்கும் என்று காட்ட. ஒன்றில் வேண்டுமென்றே ஒரு சிட்டிகை சாம்பல், என் பிழையை அவர் கண்ணாலேயே காணட்டும் என்று. சாம்பல் குப்பி உடனே சிவந்தது. "ம்ம்" என்றார்.

மூன்றாவது துண்டைக் குப்பிக்குள் போட முதல் கண்ணாடித் தகட்டில் மெல்ல ஒற்றி எடுத்தேன். மலேரியா பார்க்கிற நீலச் சாயம் அந்தக் காலத்தில் வன்னியில் என்ன இல்லாவிட்டாலும் இருக்கும், காய்ச்சல் அப்படி. அதே சாயத்தில் இந்தக் கிருமியும் நிறம் பிடிக்கும். நிறமாற்றம் ஒரு சாட்சி, கண்ணால் காண்பது இன்னொரு சாட்சி. முதல்நாளே இதைச் செய்திருக்க வேண்டும். வானம் இருட்டிக் கிடந்தது, நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம் இல்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் மஞ்சள் கண்டுபிடிப்பில் எனக்குத் தலை கொழுத்துப்போயிருந்தது.

துண்டை ஐந்தாவது குப்பிக்குள் விட்டேன். இருவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. இறைச்சிக் குப்பி மஞ்சள். வெறும் குப்பி மஞ்சள். சதைக் குப்பியும் மஞ்சள். நேற்று ஒரு நொடியில் சிவந்த ஞாபகம் என்னைப் போட்டு வதைத்தது. வெளியே மழை விட்டு விட்டுத் தூறியது. அண்ணை திறப்புக் கோர்வையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பினார்.

"இருங்கோ" என்றேன்.

"எனக்கு வேலை கிடக்குத் தங்கச்சி."

"எனக்கும்தான் கிடக்கு. இருங்கோ."

இருந்தார். நான் குப்பியைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று தரம் வாசித்திருப்பேன். மண்டையை உடைக்காதே, பேசாமல் இல்லை என்று எழுதிவிட்டுப் போ என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம், அந்தக் கிருமி நேற்றிலிருந்து குளிருக்குள் கிடந்திருக்கு, எழும்ப நேரம் கொடு என்றது.

"உதென்ன அடியில?" என்று கேட்டது அண்ணைதான்.

சதைத் துண்டின் ஓரத்தில் தோடம்பழ நிறத்தில் ஒரு கசிவு. தலைமயிர் அளவு. அது மெல்ல அகன்றது. அகன்று, தடித்து, சிவந்து, குப்பியின் அடி முழுக்கப் பரவியது. ஆட்டிறைச்சி அப்பாவியாக மஞ்சளில் மிதந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெயிலும் எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் நுணுக்குக்காட்டியை ஜன்னலடிக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடித்தேன். தகட்டை வைத்து மெல்ல மெல்லத் தேடினேன். சளிப்படலம், உடைந்த உயிர்க்கலங்கள், அதற்கு நடுவில் நின்றார்கள் அவர்கள். கருநீலத்தில், வளைந்து வளைந்து, வெட்டிப்போட்ட நகத்துண்டுகள்போல, கூட்டம் கூட்டமாக. "வாடா, வாடா" என்று என் வாயில் வந்துவிட்டது.

அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் அவருக்குத் தன் கண் இமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. கண்ணை எடுக்காமல் கனநேரம் நின்றார்.

"உதெல்லாம் அந்த மனுசியின்ர வயித்துக்கயோ?"

"ஓம்."

"வெத்திலை இல்லை."

"இல்லை."

அண்ணை நான் எழுதிய புது அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அக்கா வாயால் சாப்பிடத் தொடங்கிய அன்றே, சொன்ன சொல் தவறாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அன்று வீட்டில் இரண்டு பங்கு சோறு சாப்பிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு நல்ல பெயர்! இரண்டு நாள் கழித்து, இரத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அக்காவின் விரலில் குத்தப் போனேன். கையை நீட்டும்போது சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சுத் தெரிந்தது. கிலுகிலுத்தது. எனக்கு எங்கோ இடித்தது. கேட்காமலே அவிழ்த்தேன். அத்தனை குளிசையும் உள்ளே இருந்தன. ஒன்றுகூட விழுங்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என்ன செய்து வச்சிருக்கிறீங்கள், அக்கா? இதுக்காக நான் பட்ட பாடு தெரியுமோ? ஆட்டிறைச்சி வச்சு என்னைக் கேலி பண்ணினவங்கள். ஏன், சாகவேணும் எண்டு ஆசையோ?"

அக்கா பயப்படவில்லை. மெல்லத்தான் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க மிஸ். வீசலைங்க, பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இது அடிபட்டு வர்ற புள்ளைகளோட மருந்துன்னு பேசிக்கிட்டாங்க. அந்தா அந்தக் கட்டில்ல ஒரு பொண்ணு வயித்துல காயத்தோட கிடக்குது. அதுக்குக் குடுங்க."

"அவவுக்கு வேற இருக்கு. இது உங்களுக்கு."

"என்னோடது நானாத் தேடிக்கிட்டதுங்க. எங்க வீட்லயும் அதான் சொல்றாங்க, வயலுக்காரங்களும் அதான் சொல்றாங்க. பசிச்சா வெத்திலையப் போட்டு அடக்கிக்கிட்டே கெடந்தேன். சோறு இருந்தாப் புள்ளைகளுக்கு வச்சிடுவேன். நானாக் கெடுத்துக்கிட்ட வயித்துக்கு எதுக்குங்க அடுத்தவங்க மருந்து?"

அறிக்கை எழுதினேன், முத்திரை குத்தினேன், களஞ்சியத்துக்குக் காட்டினேன். ஆஸ்பத்திரி முழுக்க அறிந்த முடிவை, அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரிக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அண்ணையோடு வெல்லுகிற அவசரத்தில் இந்த மனுசி எனக்கு மூன்று துண்டுச் சதையாக மட்டும் இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"எழும்புங்கோ" என்றேன். "நடக்க ஏலுமோ?"

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, விறாந்தையால் அடிமேல் அடி வைத்து வந்தார். நல்லகாலம் வெயில் இருந்தது. கதிரையில் இருத்தி, தகட்டை வைத்து, ஒரு கண்ணை மூடி எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன்.

"நீலமா, வளைஞ்சு வளைஞ்சு தெரியுதோ?"

"ஆமாங்க. புழு மாதிரி. பொடிசாக் கெடக்குது."

"உங்கட இரைப்பையில கிள்ளி எடுத்த துண்டில இருந்ததுகள். உதுகள்தான் புண்ணாக்கினது, உதுகள்தான் ஓட்டை போட்டது. நீங்கள் இல்லை. சின்ன வயசிலயே உள்ள போயிருக்கும், ஆருக்கும் போகலாம். டொக்டருக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "நான் பட்டினி கெடந்ததால இல்லையா?"

"இல்லை."

"வெத்திலை?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏங்க எல்லாரும் என்னையச் சொன்னாங்க?"

அதற்கு என்னிடம் சோதனை ஒன்றும் இல்லை. "தெரியாமல் சொன்னவை. இப்ப தெரியும். நான் எழுதித் தாறன், கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றேன்.

அவர் நுணுக்குக்காட்டியை விட்டு நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. இத்தனை வருசமும் தனக்குள் கோபப்பட்டவர் இப்போதுதான் வெளியே ஆள் பிடித்ததுபோல. திரும்பவும் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்து, "நாசமாப் போறவனுங்களா, என் சோத்தத் தின்னுட்டு என் வயித்தையே ஓட்டை போட்டீங்களாடா" என்றார். தோட்டத்தில் கங்காணியை ஏசிப் பழகிய தாய் தகப்பனிடமிருந்து வந்த வாய் அது, அதற்குப் பிறகு வந்ததை என்னால் எழுத முடியாது. நான் வயிறு நோகச் சிரித்தேன். அவர் சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பொத்திக்கொண்டு ஏசினார்.

பிறகு கையை நீட்டினார். "குடுங்க மிஸ்."

ஒரு நேரத்துக் குளிசைகளை உள்ளங்கையில் வைத்தேன். மழைநீர்ப் போத்தலிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டு விழுங்கினார், குனிந்து தகட்டைப் பார்த்தார். அடுத்ததை விழுங்கினார், திரும்பவும் பார்த்தார். தகட்டில் இருப்பவை எப்போதோ செத்தவை என்று நான் சொல்லப் போகவில்லை. கடைசிக் குளிசையும் உள்ளே போனபின் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அடுத்த நேரம் எப்பங்க?"